கேட்கிறதா? ஓவர்!

உங்கள் வீட்டில் ரேடியோ இருந்திருக்கும். செய்தி, பாட்டு, நாடகம் எல்லாம் அதில் கேட்டிருப்பீர்கள். ரேடியோ பேசும். நாம் கேட்போம். நாம் பதில் சொன்னால் அதற்குக் கேட்காது.

பதில் பேசும் ரேடியோவும் உண்டு. போலீஸ் ஜீப்பில் பார்த்திருப்பீர்கள். கடலுக்குப் போகும் படகுகளிலும் இருக்கிறது. அதை 'வயர்லெஸ்' என்று சொல்கிறோம். ஒருவர் பேசி முடித்ததும் "ஓவர்" என்பார். "நான் சொல்லிவிட்டேன், இனி நீங்கள் சொல்லுங்கள்" என்பது அதன் பொருள்.

போலீசுக்கும் மீனவருக்கும் அது வேலைக்கான கருவி. ஆனால் வேலைக்காக இல்லாமல், விருப்பத்துக்காகவே இதை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'ஹாம்' என்று பெயர். அவர்கள் செய்வது ஹாம் ரேடியோ. இதில் சம்பளம் கிடையாது. வியாபாரம் கிடையாது. பிறகு எதற்காகச் செய்கிறார்கள்? படித்துப் பாருங்கள்.

புனே நகரம்

மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது புனே. மும்பையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் ரயில்கள் புனே வழியாகப் போகின்றன. கட்கி, ராஸ்தா பேட்டை ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன.

புனேயைச் சுற்றி மலைகள். நகருக்குத் தென்மேற்கில் சிங்ககட் என்ற மலைக்கோட்டை இருக்கிறது. அதன் மேலே தூர்தர்ஷன் கோபுரம் நிற்கிறது. உயரமான இடத்திலிருந்து அனுப்பினால் அலை நெடுந்தூரம் போகும். அதனால்தான் மலை உச்சியில் கோபுரம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஹாமின் நாள் எப்படி இருக்கும்?

காலை நேரம்

வாசலில் பால் பை வந்துவிட்டது. அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. ஹாம் தன் மேசை முன் உட்காருகிறார். மேசையில் ஒரு பெட்டி. அதுதான் ரேடியோ. பக்கத்தில் ஒரு பேட்டரி. ஒரு நோட்டு. ஒரு பேனா.

ரேடியோவைத் திருப்புகிறார். 'உஸ்' என்ற இரைச்சல். அதற்குள் ஒரு குரல் கேட்கிறது. பெங்களூரிலிருந்து ஒருவர் பேசுகிறார். அடுத்து ஹைதராபாத்திலிருந்து ஒருவர்.

புனேக்காரர் உடனே பேசுவதில்லை. முதலில் கேட்கிறார். இரண்டு பேர் பேசும்போது மூன்றாமவர் குறுக்கே பேசினால் எவர் பேச்சும் புரியாது. ஆகவே ஹாமுக்கு முதல் பாடம் பேசுவது அல்ல, கேட்பது.

பலர் ஒரே நேரத்தில் கூடினால் ஒருவர் தலைமை ஏற்பார். அவர் ஒவ்வொருவராக அழைப்பார். ஊர்க்கூட்டத்தில் முறை வைத்துப் பேசுவது போலத்தான். இதற்கு 'நெட்' என்று பெயர்.

தன் முறை வந்ததும் புனேக்காரர் பேசுகிறார். தன் ஊரைச் சொல்கிறார். "உங்கள் குரல் ஐந்து ஒன்பது" என்கிறார். இது மதிப்பெண். பேச்சு தெளிவாக இருந்தால் 5. அலை வலுவாக இருந்தால் 9. "ஐந்து ஒன்பது" என்றால் மிக நன்றாகக் கேட்கிறது என்று பொருள். "மூன்று நான்கு" என்றால் தட்டுத் தடுமாறிக் கேட்கிறது.

பிறகு மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். புதிதாகக் கட்டிய கம்பியைப் பற்றிப் பேசுகிறார்கள். விடைபெறும்போது "செவன்ட்டி த்ரீ" என்கிறார்கள். 73 என்ற எண்ணுக்கு 'வாழ்த்துகள்' என்று பொருள். உலகம் முழுவதும் ஹாம்கள் இப்படித்தான் விடைபெறுவார்கள்.

பேசி முடித்ததும் நோட்டை எடுக்கிறார். தேதி, நேரம், யாருடன் பேசினார், எப்படிக் கேட்டது எல்லாவற்றையும் எழுதுகிறார். பிறகு வேலைக்குக் கிளம்புகிறார். ஹாம்களில் பலவகை மனிதர்கள் உண்டு. ஆலையில் வேலை செய்பவர், ஆசிரியர், மருத்துவர், ஓய்வு பெற்ற ராணுவ வீரர், கல்லூரி மாணவி. அலைவரிசையில் எல்லாரும் சமம்தான்.

அலை எப்படிப் போகிறது?

குளத்தில் கல்லை எறியுங்கள். நீரில் அலை எழும்பும். நாலா பக்கமும் பரவும். ரேடியோ அலையும் பரவுகிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. அதன் வேகம் மிக மிக அதிகம். ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். பூமியைச் சுற்றிவர 40,000 கிலோமீட்டர். அப்படியென்றால் ஒரு நொடியில் பூமியை ஏழு முறை சுற்றிவிடலாம்!

ரேடியோ அலைகள் பலவகை. சில அலைகள் நேராகப் போகும். மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். கையடக்கக் கருவிகளில் வருவது இந்த வகை. சில அலைகள் வானத்தை நோக்கிப் போகும். பூமிக்கு மேலே, சுமார் 60 கிலோமீட்டருக்கு அப்பால், காற்றில் ஒரு மின்படலம் உண்டு. சூரிய ஒளியால் உண்டாவது அது. அலை அதில் பட்டுத் திரும்பும். சுவரில் எறிந்த பந்து திரும்புவது போல.

இதனால்தான் புனேயில் பேசியது கடல் தாண்டியும் கேட்கிறது. நடுவில் கம்பி இல்லை. கோபுரம் இல்லை. வானமே பாலம்.

பகலில் ஒருவிதமாகக் கேட்கும். இரவில் வேறுவிதமாகக் கேட்கும். 40 மீட்டர் அலை என்று ஒன்று உண்டு. பகலில் அது சில நூறு கிலோமீட்டர் போகும். இரவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். உழவர் மேகம் பார்ப்பார். மீனவர் காற்றுப் பார்ப்பார். ஹாம் சூரியனையும் நேரத்தையும் பார்ப்பார்.

இதற்கு மின்சாரம் எவ்வளவு தேவை? பெரிய பெட்டி ஒன்று பொதுவாக 100 வாட்டு சக்தியில் அலையை அனுப்பும். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. கையடக்கக் கருவிக்கு 5 வாட்டு போதும். மின்தடை வந்தாலும் கவலை இல்லை. கார் பேட்டரியில் வேலை செய்யும்.

மாடியில் ஒரு கம்பி

அலையை அனுப்பக் கம்பி வேண்டும். அதற்கு ஏரியல் என்று பெயர். 40 மீட்டர் அலைக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 10 மீட்டர் கம்பி தேவை. துணி காயப்போடும் கொடி போலவே இருக்கும்.

புனேயில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். மாடி எல்லாருக்கும் பொது. கம்பி கட்ட வேண்டுமானால் குடியிருப்போர் சங்கத்தில் கேட்க வேண்டும். "இடி விழுமா?" என்று ஒருவர் கேட்பார். "எங்கள் டி.வி. கெடுமா?" என்று இன்னொருவர் கேட்பார். "இதில் உனக்கு என்ன லாபம்?" என்று வீட்டிலேயே கேட்பார்கள்.

நல்ல ஹாம் கோபப்பட மாட்டார். அழைத்து வந்து கருவியைக் காட்டுவார். டி.வி.யில் கோடு விழுந்தால் காரணம் தேடிச் சரிசெய்வார். இடி மின்னல் தொடங்கும் முன்பே கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிடுவார். இது எல்லாருக்கும் பொருந்தும் பாடம். மின்னல் தொடங்கும் முன்பே டி.வி. கேபிளையும் கழற்றி வையுங்கள்.

பெயருக்குப் பதில் ஒரு குறி

வண்டிக்கு நம்பர் உண்டு அல்லவா? அதுபோல ஒவ்வொரு ஹாமுக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. அதை அரசு கொடுக்கிறது. உலகத்தில் ஒரு குறி ஒருவருக்குத்தான்.

இந்தியாவில் இந்தக் குறி 'வி.யு.' என்று தொடங்கும். பிறகு ஓர் எண். பிறகு சில எழுத்துகள். இலங்கையின் குறிகள் '4 எஸ்' என்று தொடங்கும். குறியைக் கேட்டதும் எந்த நாடு என்று தெரிந்துவிடும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவருடைய குறி வி.யு. 2 ஆர்.ஜி.

இரைச்சலில் 'பி'யும் 'டி'யும் ஒன்று போலக் கேட்கும். ஆகவே எழுத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் ஆல்ஃபா. பி என்றால் பிராவோ. டி என்றால் டெல்டா. "அம்மாவுக்கு அ, ஆட்டுக்கு ஆ" என்று சொல்வோமே, அதே முறைதான்.

புள்ளியும் கோடும்

முன்பு தபால் ஆபீசில் தந்தி அடிப்பார்கள். 'கட் கட கட்' என்று ஒலி கேட்கும். தந்தி வந்தால் தெருவே பயந்துபோகும். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றது. ஆனால் தந்தி மொழி சாகவில்லை. ஹாம்கள் அதை இன்றும் பேசுகிறார்கள்.

அதற்கு மோர்ஸ் என்று பெயர். அதில் இரண்டே ஒலிகள். குட்டை ஒலி புள்ளி. நெட்டை ஒலி கோடு. இரண்டையும் சேர்த்தால் எல்லா ஆங்கில எழுத்துகளும் வரும்.

வி: • • • —
யு: • • —
ஆபத்து என்ற அழைப்பு, எஸ்.ஓ.எஸ்.: • • • — — — • • •

ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து 'இ'. அதற்கு ஒரே ஒரு புள்ளி. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி. எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

இதைக் கற்பது எழுத்துக் கற்பது போலத்தான். முதலில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிக் கேட்க வேண்டும். சில நாள் சலிப்பு வரும். "இந்த வயதில் இது வருமா?" என்று தோன்றும். விடாமல் தினமும் கேட்டால் ஒருநாள் எழுத்து மறைந்து சொல்லே காதில் விழும். நீங்களும் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்தானே? அந்த மகிழ்ச்சி உங்களுக்குத் தெரியும்.

யார் வேண்டுமானாலும் பேசலாமா?

கூடாது. அரசு உரிமம் வேண்டும். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். 12 வயது நிரம்பியிருக்க வேண்டும். ரேடியோ எப்படி வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று கேள்விகள் வரும். உரிமம் இல்லாமல் அலை அனுப்புவது குற்றம்.

உரிமம் வந்த பிறகும் கட்டுப்பாடு உண்டு. சரக்கு விலை பேசக்கூடாது. பாட்டுப் போடக்கூடாது. ரகசிய மொழியில் பேசக்கூடாது. தன் குறியை மறைக்கக்கூடாது. ஹாம் பேச்சை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எனவே எல்லார் காதிலும் விழத்தக்க பேச்சையே பேச வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ரேடியோவுக்கு அவ்வளவு சக்தி. ஆங்கிலேயர் அதை நன்கு அறிந்திருந்தார்கள். 1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஹாம்கள் தம் கருவிகளை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் எழுந்தது. பத்திரிகைகள் உண்மையை எழுத முடியவில்லை. உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் அவருடைய தோழர்களும் மும்பையில் ரகசிய ரேடியோ நடத்தினார்கள். பிடிபடாமல் இருக்க இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்டு 27 முதல் நவம்பர் 12 வரை அது பேசியது. பிறகு போலீஸ் பிடித்தது. உஷா மேத்தாவுக்கு 4 ஆண்டு சிறை. அவர் இருந்த சிறை எது தெரியுமா? புனேயில் உள்ள எரவாடா சிறை.

மாணவர்கள் செய்த செயற்கைக்கோள்

புனேயில் பழமையான பொறியியல் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்கே படித்த மாணவர்கள் ஒரு குட்டிச் செயற்கைக்கோள் செய்தார்கள். அதன் எடை சுமார் 1 கிலோ. ஒரு பை சர்க்கரை அளவுதான். பெயர் 'ஸ்வயம்'.

அதைச் செய்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. மூத்த மாணவர்கள் படிப்பு முடிந்து போனார்கள். இளைய மாணவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 2016 ஜூன் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதை ஏந்திச் சென்றது. அதே ராக்கெட்டில் சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்களின் செயற்கைக்கோளும் போனது. ஓர் இடத்து ஹாம் அனுப்பும் செய்தியை வாங்கி இன்னோர் இடத்து ஹாமுக்குக் கொடுப்பது ஸ்வயத்தின் வேலை. வானத்தில் சுற்றும் ஒரு தபால்காரர் என்று சொல்லலாம்.

விண்வெளி வீரர்களும் ஹாம் ரேடியோவில் பேசுவது உண்டு. 2025 ஜூலையில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் இருந்தார். அங்கிருந்து ஹாம் ரேடியோ வழியாக நம் நாட்டு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

செல்போன் இருக்கிறதே, இது எதற்கு?

நல்ல கேள்வி. எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆனால் செல்போன் தனியாக வேலை செய்யாது. கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஒன்று போனாலும் செல்போன் வெறும் டப்பா.

புனே மாவட்டத்தில் அம்பேகாவ் வட்டத்தில் மாளிண் என்ற சிறு கிராமம். மலையடிவாரத்தில் இருந்தது. 2014 ஜூலை 30 அதிகாலை. பலத்த மழை. மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மேல் மண்ணும் சேறும் மூடின. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தச் சேதி வெளியே எப்படித் தெரிந்தது? யாரும் போன் செய்து சொல்லவில்லை. காலையில் அந்த வழியாக அரசுப் பேருந்து வந்தது. ஓட்டுநர் பார்த்தார். வழக்கமாக இருக்கும் ஊரைக் காணவில்லை. அவர்தான் தகவல் கொடுத்தார். பிறகுதான் மீட்புப் படை வந்தது.

எண்ணிப் பாருங்கள். ஒரு ஊர் முழுவதும் மண்ணுக்குள் போகிறது. வெளியே சொல்ல வழி இல்லை. செய்தி தாமதமானால் உதவியும் தாமதமாகும்.

இன்னொரு நிகழ்ச்சி. 2004 டிசம்பர். பாரதி பிரசாத் என்ற பெண் ஹாமும் அவருடைய குழுவினரும் அந்தமானுக்குப் போயிருந்தார்கள். அங்கே பல ஆண்டுகளாக ஹாம் ரேடியோ ஒலிக்கவில்லை. உலக ஹாம்கள் அந்தமானின் குரலைக் கேட்க ஆவலாக இருந்தார்கள். போர்ட் பிளேரிலிருந்து குழுவினர் ஆயிரக்கணக்கானோருடன் பேசினார்கள். எல்லாம் விருப்பத்துக்காகத்தான்.

டிசம்பர் 26 காலை. நிலம் நடுங்கியது. சுனாமி வந்தது. டெலிபோன்கள் செத்தன. குழுவினர் விளையாட்டை அந்த நொடியே நிறுத்தினார்கள். அதே ரேடியோவில் அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கினார்கள். "என் மகன் உயிரோடு இருக்கிறானா?" என்று தவித்த குடும்பங்களுக்குச் சேதி போனது. என்ன உதவி தேவை என்று அதிகாரிகளுக்குத் தகவல் போனது.

2001 ஜனவரி 26-இல் குஜராத்தில் பூகம்பம். அங்கும் ஹாம்கள் போனார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். செல்போன்கள் ஓய்ந்தன. அப்போதும் ஹாம்கள் செய்தி பரிமாறினார்கள்.

வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியுமா? தினமும் காலையில் மழையைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு அல்ல. அது பயிற்சி. கருவி வேலை செய்கிறதா, பேட்டரி நிறைந்திருக்கிறதா, காது பழகியிருக்கிறதா என்று நாள்தோறும் சோதித்துக்கொள்கிறார்கள். "இதில் என்ன லாபம்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

நாம் கற்றுக்கொள்ளலாம்

எல்லாரும் ஹாம் ஆக முடியாது. கருவிக்குப் பணம் வேண்டும். தேர்வு எழுத வேண்டும். ஆனால் ஹாமின் பழக்கங்களை எவரும் கற்கலாம். முதலில் கேட்பது. சுருக்கமாகச் சொல்வது. சரியாகக் கேட்டதா என்று திரும்பக் கேட்பது. எழுதி வைப்பது.

ஆபத்து நேரத்தில் பதற்றம் வரும். சொல்ல வேண்டியது மறந்துபோகும். ஆகவே ஐந்து கேள்விகளை நினைவில் வையுங்கள்: யார் பேசுவது? எந்த இடம்? என்ன நடந்தது? எத்தனை பேர்? என்ன உதவி வேண்டும்?

இதோ ஒரு மாதிரி:

"நான் கீழத்தெரு மகளிர் குழுத் தலைவி பேசுகிறேன். இடம், ஏரிக்கரைப் பள்ளிக்கூடம். ஏரி உடைந்துவிட்டது. பள்ளி மாடியில் 40 பேர் இருக்கிறோம். அதில் 6 குழந்தைகள், ஒரு கர்ப்பிணி. படகும் குடிநீரும் வேண்டும்."

இதைப் படிக்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் எல்லாம் இதில் இருக்கிறது. 112 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் இப்படியே சொல்லுங்கள். பேச முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதி ஓடக்கூடியவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். வாய்ச்சொல் வழியில் மாறும். எழுதிய சொல் மாறாது.

சொல் அறிவோம்

ஹாம் – விருப்பத்துக்காக ரேடியோவில் பேசுபவர்
ஏரியல் – அலையை அனுப்பவும் வாங்கவும் உதவும் கம்பி
உரிமம் – அரசு தரும் அனுமதி, லைசென்ஸ்
அழைப்புக்குறி – ஒவ்வொரு ஹாமுக்கும் உள்ள அடையாளம்

விடை எழுதுங்கள்

1. "ஓவர்" என்றால் என்ன பொருள்?
2. ஹாமுக்கு முதல் பாடம் எது?
3. உஷா மேத்தா எந்தச் சிறையில் இருந்தார்?
4. மாளிண் கிராமத்தின் நிலையை முதலில் கண்டு சொன்னவர் யார்?

நிரப்புங்கள்

1. இந்திய ஹாம்களின் குறி ______ என்று தொடங்கும்.
2. இந்தியாவில் தந்தி சேவை ______ ஆண்டில் நின்றது.
3. ஸ்வயம் செயற்கைக்கோளின் எடை சுமார் ______ கிலோ.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் மின்சாரமும் செல்போனும் இரண்டு நாள் நின்றால் வெளியூருக்கு எப்படிச் செய்தி அனுப்புவீர்கள்? யார் போவார்? எந்த வழியில் போவார்? இன்றே பேசி முடிவு செய்யுங்கள். முடிவை எழுதி, எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள்.